சனிக்கிழமைக் கழுவல்

படத்தில் இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் வெட்டலாம், தண்ணீர் சும்மா கிடக்கிறது என்று ரசலையா சார் எழுதியிருந்தார். தண்ணீர் சும்மா கிடக்காமல் பின்னே எழுந்து நின்று கீர்த்தனையா பாடும் என்று பெனிலா நினைத்தாள். நினைப்பு அதன்போக்கில் போக, கை அதன்போக்கில் மவுஸை இழுத்து இடப்பக்கத்துத் தண்ணீரை வெட்டி எறிந்தது. கைக்கு எப்போதும் கீழ்ப்படிதல் அதிகம். வாய்க்குத்தான் கொஞ்சம் குறைவு, ஆனால் சனிக்கிழமை மத்தியானத்தில் வாய்க்கு வேலை கிடையாது. குழுவின் சட்டம் அது. நாஞ்சில் நீர்ப்பறவைகள் என்ற அந்த வாட்ஸப் குழுவில் சனிக்கிழமைதோறும் ஒருவருடைய படம் கழுவலுக்கு வரும். பிலிம் காலத்தில் இருட்டறையில் படம் கழுவிய ஞாபகத்தில் ரசலையா சார் வைத்த பேர். படத்தைப் போட்டவர், மற்றவர்கள் எழுதுகிற குறைகளை வாசித்து, திருத்தி, திருத்தின படத்தைத் திரும்பப் போட வேண்டும், அதற்கும் குறை வரும், அதையும் திருத்திப் போட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது, இல்லை என்று சொல்லக் கூடாது, காரணம் விளக்கக் கூடாது. 'நன்றி, திருத்துகிறேன்' என்பதற்கு மட்டும் அனுமதி. சாயங்காலத்துக்குள் ரசலையா சார் 'சுவருக்கு' என்று ஒற்றைச் சொல் எழுதினால் அந்தப் படம் டிசம்பர் கண்காட்சியில் சுவரில் ஏறும். எழுதாவிட்டால் கழுவின தண்ணீரோடு போச்சு. மின்வாரியத்தில் பெரிய எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர், ஊருக்கே கரண்டைக் கொடுத்தும் நிறுத்தியும் பழகிய விரல், இப்போது இதைக் கொடுக்கிறது, நிறுத்துகிறது. பக்கத்து அறையில் ஃபேன் கடகடத்துக்கொண்டிருந்தது. ஒரு கடகடப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளிக்குள் கைப்பிள்ளை ஜோயல் மூச்சுவிடும் சத்தம் வர வேண்டும். வந்தது. அடுத்ததில் வரவில்லை. அதற்கடுத்ததில் வந்தது. வராத இடைவெளியில் பெனிலாவின் மூச்சும் நின்று, வந்ததும் அதுவும் வந்தது.

வெட்டின படத்தைப் போட்டாள். நன்றி, திருத்துகிறேன் என்று எழுதும்போது கட்டைவிரல் சுட்டது. கான்வென்டில் சிஸ்டர் பெர்த்தலோமி இதைத்தான் வேறு வார்த்தையில் சொல்லவைத்தாள். ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ். உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நாற்பது பெண்பிள்ளைகள் வெயிலில் நிற்பார்கள், உதட்டு வியர்வை விரலில் உப்பாக ஒட்டும், கால்மாற்றி நின்றால் அதற்கொரு அடி. எல்லாப் பாடத்துக்கும் தனியாக நீட்னஸ் மார்க் உண்டு. சரியாக எழுதி அசிங்கமாக எழுதியவளைவிடத் தப்பாக எழுதி சுத்தமாக எழுதியவள் முன்னால் நிற்பாள். பெனிலா முன்னால் நின்றவள். அவள் ரப்பர் யாருடைய ரப்பரையும்விடச் சீக்கிரம் தேயும். அழித்தது தெரியாமல் அழிக்கத் தெரியும் அவளுக்கு, தாளின் பொருக்கை நகத்தால் நீவி, ஊதி, மறுபடி நீவி, அங்கே ஒரு காலத்தில் ஒரு கோடு இருந்ததென்று சிஸ்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. க்ளீன் கேர்ள் என்று சிஸ்டர் கன்னத்தைத் தட்டுவாள், தட்டுகிற கை சோப்பும் மெழுகுவர்த்தியும் கலந்து மணக்கும், அந்த மணத்துக்காக இன்னும் எவ்வளவு வேண்டுமானாலும் அழிக்கலாம் என்று அப்போது இருந்தது. இப்போதும் இருக்கிறது, அதுதான் வெறுப்பாக இருக்கிறது. ஒரு கிழவனுடைய ஒற்றைச் சொல்லுக்கு அவள் அடிவயிறு இப்படிக் காத்துக் கிடக்கிறது.

சும்மா காத்துக் கிடக்கவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். அந்தச் சொல் வந்தால் அவளுக்குச் சனிக்கிழமைக் காலையில் ஒரு மணிநேரம் மிச்சம். வராவிட்டால் இல்லை. பேச்சு அப்படித்தான் முடிந்திருந்தது, போன மாதம், சாப்பாட்டு மேசையில். மாமிதான் தொடங்கினாள், புருஷனுடைய அம்மா. கைப்பிள்ளைக்காரி கேமராவைத் தூக்கிக்கிட்டுக் கொளத்தங்கரையில படுத்துக் கெடக்கா, பாத்தவங்க எங்கிட்டல்லா கேக்காங்க, பைத்தியம் கியித்தியம் பிடிச்சிருக்கான்னு. ஸ்டெர்லின் மீன்முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்துக்கொண்டே, போட்டும்மா, வாரத்துல ஒரு மணிக்கூர்தானே என்றான். மணிக்கூர்ல என்ன இருக்கு, பிள்ளை கரையதுக்கு மணிக்கூர் எதுக்கு, இத்தன வருசமா எடுக்காளே, ஒரு படம் ஒரு செவுத்துல ஏறியிருக்கா, ஏறட்டும் பாப்போம், இல்லேன்னா அந்தச் சவத்த உன் பெரியப்பா மகனுக்குக் கொடுத்துட்டு வீட்டுல இருக்கச் சொல்லு. ஸ்டெர்லின் சிரித்தான். அவனுக்கு அது நியாயமாகப் பட்டது. சரி பெனிலா, வர்ற கழுவல்ல உன் படம் செவுத்துல ஏறிச்சுன்னா நீ போ, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம், ஏறலைன்னா நிறுத்திக்கிடுவோம், என்ன. கல்யாணத்துக்கு முன்னால் அவள் சம்பளத்தில் அவள் வாங்கின கேமரா. அதை வைத்து அவளோடு பந்தயம் கட்டுகிறான், பந்தயத்தின் நடுவர் மின்வாரியத்துக் கிழவன். சரி என்று அவளும் சொன்னாள். ஏன் சொன்னாள். மறுத்தால் காரணம் கேட்பார்கள், காரணத்தைச் சொல்ல முடியாது. பிள்ளையைக் குளிப்பாட்டும்போது என் கைகள் என்னுடையவையாக இல்லை என்று எப்படிச் சொல்வது. அகலப் பாத்திரத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீர், அதில் அவன் தலையைத் தாங்கிய இடக்கை, அந்தக் கை இப்போது விட்டால் என்ன ஆகும் என்று ஒரு நினைப்பு எங்கிருந்தோ வந்து மணிக்கட்டில் உட்காரும். விடப்போவதில்லை. விட மாட்டாள். ஆனால் நினைப்பு உட்கார்ந்திருக்கும், கொசு மாதிரி, அடிக்க இன்னொரு கை கிடையாது. கிணற்றங்கரைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு அவள் போவதேயில்லை. மாடிப்படியில் சுவரை ஒட்டி உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவாள். பயமா இருக்கு என்று ஒருநாள் ஸ்டெர்லினிடம் சொன்னாள். என்னத்துக்குப் பயம், அம்மை இருக்கால்லா என்றான். குளத்தங்கரையில் மட்டும் இரண்டு கைகளும் கேமராவைப் பிடித்திருக்கும். அங்கே அவை எதையும் கீழே போடாது. அந்த ஒரு மணிநேரத்துக் கைகளை வைத்துத்தான் மிச்ச வாரத்தை அவள் ஓட்டுகிறாள். இதை யாரிடம் போய் விளக்க, விளக்கவும் அனுமதி இல்லையே, நன்றி, திருத்துகிறேன்.

டாக்டர் ஜெயசிங் வந்துவிட்டார். பல் டாக்டர். யாருடைய கழுவலானாலும் நோயாளி வாயைத் திறந்த இடைவெளியில் வந்து எழுதிவிட்டுப் போவார். தண்ணீர் ஊதாவாக இருக்கு தங்கச்சி, கொஞ்சம் பச்சை ஏத்துங்க, கண்ணில் உயிர் இல்லை. கண்ணில் உயிர் இல்லாதது பறவைக்கா எனக்கா என்று அவள் நினைத்தாள். தண்ணீரில் பச்சையை ஏற்றினாள். கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தாள். திரை முழுக்க ஒரு கறுப்புக் கண், அதன்மேல் வெள்ளைப் புருவம், புருவத்துக்குக் கீழே கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இலைக்கோழி. தாமரை இலைமேல் நீள நீள விரல்களை விரித்து நடக்கிற பறவை, கழுத்து கறுத்து மினுங்கும், முதுகு பித்தளைப் பாத்திரம் புளி போட்டுத் தேய்த்த மாதிரி இருக்கும். போன சனிக்கிழமை கரையில் ஈரப்புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டு எடுத்தது. அவள் மெல்ல முழங்கையால் ஊர்ந்து முன்னேற முன்னேற அது ஓடவில்லை, பறக்கவில்லை. இலைமேல் குத்தவைத்தது. இறக்கையைக் கொஞ்சம் தூக்கி உடம்பை உப்பவைத்து, பிறகு அப்படியே எழுந்து நின்றது, தொப்பை போட்ட மாதிரி, அவளையே பார்த்தபடி. குளிர்போல என்று நினைத்தாள். கொஞ்சம் தள்ளி இன்னொரு இலைக்கோழி, இதைவிடப் பெரியது, எந்தக் கவலையும் இல்லாமல் இலைகளைப் புரட்டிப் பூச்சி தின்றுகொண்டு, இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தது. அப்பன்காரன் மேயுதான் பாரு என்று பெனிலா வாய்விட்டே சொன்னாள். அன்று காலையில் ஸ்டெர்லின் பேப்பரை விரித்தபடி, ஏட்டி பிள்ளை கரையுது பாரு என்றானே, பிள்ளை அவன் காலுக்குப் பக்கத்தில் அழுதுகொண்டு கிடக்கும்போது, அதே நடை, அதே முதுகு. அந்தப் பெரிய பறவையை அவள் ஒரு படம்கூட எடுக்கவில்லை. எடுக்கவும் பிடிக்கவில்லை. வெறுப்பில் லென்ஸை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தாள். சூரியன் அந்தப் பக்கமே இல்லை. ஆனாலும் வைத்தாள், சுத்தமாக, வைத்தது தெரியாமல். போட்டாள். கொள்ளாம், இப்போ உயிர் வந்துட்டு என்றார் பல் டாக்டர். சாமர்த்தியம், சூரியன் இல்லாத இடத்தில் வெளிச்சம் போட்டதும் உயிர் வந்துவிட்டது. லீலாபாய் டீச்சர் எழுதினாள், தாய்ப்பறவையின் பார்வை மனசைத் தொடுகிறது, தலைப்பு 'தாய்மை' என்று வைக்கலாமே, நீங்களும் புதுத் தாய், பொருத்தம். கீழே கூப்பிய கைகள், கூப்பிய கைகள், யார் யாரோ போட்டார்கள். பெனிலாவுக்கு வாயில் புளித்தது. பிரசவ வார்டில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிற சொல். தாய்மை உனக்குப் பொலிவு தருது, தாய்மை உன்னை மாத்திட்டு, தாய்மைன்னா சும்மாவா. ஏதோ ஒரு சேலையை எல்லாரும் சேர்ந்து அவள்மேல் சுற்றிச் சுற்றிக் கட்டுகிறார்கள், மூக்கு வரைக்கும் வந்துவிட்டது, இன்னும் சுற்றுகிறார்கள். ஃபேன் கடகடத்தது. இடைவெளியில் மூச்சு. பிறகு ரசலையா சார். அவர் சேர்ந்தாற்போல எழுத மாட்டார், ஒவ்வொரு வரியாக மணியடித்து அனுப்புவார். தலைப்பு சரி. பறவை சரி. ஆனால் வயிற்றுக்குக் கீழே என்ன அசிங்கம். கோரையோ தண்டோ தொங்குகிறது. தாய்மை என்று பேர் வைத்துவிட்டுப் பாவாடைக்குக் கீழே நூல் தொங்கவிட்டால் எப்படி. சுத்தம் பண்ணவும். பல் டாக்டர் சிரிக்கிற முகம் போட்டார். லீலாபாய் டீச்சரும் சிரிக்கிற முகம் போட்டாள், போட்டுவிட்டு அழித்துவிட்டாள், அழித்தது தெரிந்தது. பாவமே, அவளுக்கு ரப்பர் பிடிக்கத் தெரியாது.

சுத்தம் பண்ணவும். இதைவிட இனிப்பான உத்தரவு உண்டா. பெனிலா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பக்கத்து இடத்திலிருந்து இலையின் பச்சையை எடுத்து, தொங்குகிற தண்டின்மேல் தடவ வேண்டும், விளிம்பு தெரியாமல், இலை நரம்பு போகிற திசையிலேயே. ஒன்றைத் தடவினாள், போச்சு. பக்கத்தில் இன்னொன்று, அதுவும் போச்சு. கை பழைய சந்தோஷத்துக்குள் போய்விட்டது, நாக்கு நுனி பல்லுக்கிடையில் வந்துவிட்டது, எட்டாம் வகுப்பு பி பிரிவு, ஜன்னலோரம், வெளியே வேப்பம்பழம் விழுந்து நசுங்கின வாடை. அழிப்பதில் ஒரு அமைதி இருக்கிறது. அழிக்கும்போது எதையும் பிடிக்க வேண்டியதில்லை, தாங்க வேண்டியதில்லை, விட்டுவிடுவேனோ என்று பயப்பட வேண்டியதில்லை. தண்டுகள் விநோதமாக ஜோடி ஜோடியாகத் தொங்கின, கோரை அப்படியா வளரும் என்று ஒரு கணம் தட்டியது, தட்டினதைத் தள்ளிவிட்டாள். ரசலையா சாருக்குத் தெரியாததா. இறக்கையின் விளிம்பு நூல் பிடித்த மாதிரி வந்தது. போட்டாள். பிறகு மணி. கொள்ளாம். பிறகு இன்னொரு மணி. வலது இறக்கைக்குக் கீழே இன்னும் ஒரு தண்டு மிச்சம் நிற்கிறது. அதையும் எடுத்துவிட்டால் சுவருக்கு.

சுவருக்கு. எழுதிவிட்டார். எழுதிவிட்ட மாதிரிதான். ஒரே ஒரு தண்டு. பெனிலா மாமியின் முகத்தைப் பார்த்தாள், டிசம்பரில், கண்காட்சி வாசலில், சர்ச்சுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, எங்க மருமக எடுத்த படமாக்கும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு நிற்கிற முகம். நிற்கட்டும். சனிக்கிழமை தப்பித்தது. இந்தச் சனிக்கிழமை, அடுத்தது, அதற்கடுத்தது. வலது இறக்கைக்குக் கீழே படத்தைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள், கட்டம் கட்டமாக உடைகிற அளவுக்கு. தண்டு மேலிருந்து நேராக இறங்கி நடுவில் ஒரு இடத்தில் மடங்கியிருந்தது. மடிப்பில் ஒரு சின்ன முண்டு. முண்டுக்குக் கீழே மறுபடி இறங்கி, நுனியில் பிரிந்து, மூன்று முன்னாலும் ஒன்று பின்னாலுமாக, நூலைவிட மெல்லிசாக, ஒவ்வொன்றின் முனையிலும் கறுப்பாக ஒரு நகம். கோரைக்கு நகம் கிடையாது. மவுஸின்மேல் விரல் அப்படியே நின்றது. அழிப்பதற்கு முன்பிருந்த படத்தைத் திறந்தாள், காலையில் கேமராவிலிருந்து இறக்கின படம், ஊதாத் தண்ணீர், சும்மா கிடக்கிற இடப்பக்கம், உயிரில்லாத கண். இரண்டு இறக்கைக்குக் கீழேயும் குட்டிக் கால்கள். ஜோடி ஜோடியாக. முழங்கால்கள் மடங்கி, விரல்கள் தளர்ந்து, தரையில்லாமல் தொங்குகிற கால்கள். உள்ளே குஞ்சுகள். உப்பின தொப்பையில்லை, குளிருமில்லை. அவள் புல்லில் ஊர்ந்து வருவதைப் பார்த்துவிட்டு அது பிள்ளைகளை அள்ளி அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. அவளைப் பார்த்து. ஆபத்து என்று அது பார்த்தது அவளைத்தான். லென்ஸுக்குப் பின்னால் படுத்துக் கிடந்து, என்ன அழகாக நிற்கிறது, அசையாமல் நிற்கிறதே என்று சந்தோஷப்பட்டவளை. அந்தக் குஞ்சுகளைத்தான் ஒவ்வொன்றாகத் தடவித் தடவி அழித்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டு, சுத்தமாக, அங்கே ஒரு காலத்தில் ஒரு பிள்ளை இருந்ததென்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் தெரியாதபடி.

ஃபேன் கடகடத்தது. இடைவெளி. இல்லை. கடகடத்தது. இல்லை. எப்போதிருந்து இல்லை. கடைசியாக எப்போது கேட்டாள். சுத்தம் பண்ணும்போது கேட்டாளா. கேட்கவில்லை. சுத்தம் பண்ணுகிற நேரம் முழுக்க அவள் கேட்கவே இல்லை. நாற்காலி பின்னால் விழுந்தது, அவள் கதவில் நின்றாள். கதவுக்கு உள்ளே போக முடியவில்லை. கட்டிலில் நாலு பக்கமும் தலையணை, நடுவில் வெள்ளைத் துணி, துணியில் ஒரு மேடு, மேடு அசைகிறதா. இதுதான் அது, இத்தனை நாள் மணிக்கட்டில் உட்கார்ந்திருந்தது இதுதான், குளிப்பாட்டுகிற பாத்திரத்தில் இல்லை, கிணற்றில் இல்லை, படியில் இல்லை, இங்கே, அவள் ஒரு சொல்லுக்காகப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தபோது. கர்த்தாவே என்று தொடங்கினாள், அதற்குமேல் வார்த்தை வரவில்லை, உதட்டின்மேல் விரல் போயிருந்தது. அவளே வைத்த விரல். மேடு அசைந்தது. துணி விலகியது. ஒரு கால் மேலே வந்தது, பிறகு அந்தக் காலைப் பிடித்தபடி ஒரு கை. ஜோயல் விழித்துத்தான் கிடந்தான். எவ்வளவு நேரமாகவோ. சத்தமே போடாமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டு, தன் கால் பெருவிரலை வாய்க்கு இழுக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தான், முடிந்தது, வழுக்கியது, மறுபடி இழுத்தான். அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. யாரோ ஒரு பெண் வாசலில் நிற்கிறாள் என்பதுபோலப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தான். பெனிலா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாதத்தையே பார்த்தாள். எச்சிலில் நனைந்து மினுங்குகிற ஐந்து விரல். போய்த் தூக்கினாள். கைகள் விடவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது அவனைத் தூக்கிக்கொண்டு ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நடந்தது அதுதான் முதல்தடவை, நடந்து முடித்த பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது.

அவனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் அலமாரியிலிருந்து பறவைப் புத்தகத்தை இழுத்தாள். கல்யாணத்துக்கு அண்ணன் தந்தது, ஒட்டின பக்கங்கள் இன்னும் பிரியாமல் இருந்தன. இலைக்கோழி. ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோலிருக்கும். பெட்டை பெரியது. முட்டையிட்டதும் சேவலிடம் விட்டுவிட்டுப் பெட்டை வேறு சேவலைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் சேவல். ஆபத்து வந்தால் இறக்கைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு ஓடும். அவள் மறுபடி வாசித்தாள். சேவல். தாய்மை என்று கூப்பிய கைகள் வாங்கின வெள்ளைப் புருவத்துக்காரன் அப்பன். அப்பன்காரன் மேயுதான் பாரு என்று அவள் திட்டினது அம்மாவை. தள்ளி, இலை இலையாகப் புரட்டித் தின்றுகொண்டு, திரும்பிப் பாராமல், அந்தப் பெரிய முதுகு. யாரும் அவளைப் பைத்தியமா என்று கேட்கவில்லை, யாரும் அவளுக்கு மார்க் போடவில்லை. ஒரு படம்கூட எடுக்கவில்லையே அவளை. பெனிலாவுக்குச் சிரிப்பு வந்தது. போன் மணியடித்தது. என்ன, தண்டு எடுத்தாச்சா. லீலாபாய் டீச்சர் எழுதியிருந்தாள், பெனிலாம்மா, சீக்கிரம், கிட்டத்தட்ட சுவருக்கு வந்துட்டு. எடுக்கலாம். இன்னும் ஒரே தடவல். கை சரியென்று நின்றது, இப்போதும், இத்தனைக்குப் பிறகும் கைக்குக் கூச்சமே இல்லை. ஒன்றைத் தடவினால் எல்லாச் சனிக்கிழமையும் அவளுக்கு. சுவரில் டிசம்பர் முழுக்க அது தொங்கும், தாய்மை, பெனிலா ஸ்டெர்லின், குஞ்சில்லாத அப்பன் ஒருவன் இல்லாத வெளிச்சம் பட்ட கண்ணோடு பார்த்துக்கொண்டிருப்பான், மாமி கீழே நின்று சொல்லிக்கொண்டிருப்பாள். ஜோயல் மேசைமேல் காலை உதைத்தான், மவுஸ் நகர்ந்தது. பெனிலா பழைய படத்தை எடுத்தாள், எதுவும் வெட்டாத, எதுவும் ஏற்றாத படத்தை, அதைப் போட்டாள். கீழே எழுதினாள், காலை எண்ணிப் பாருங்க சார். இன்னொரு வரி, அது அம்மா இல்லை, அப்பா.

யாரும் எண்ணவில்லை என்பது உடனே தெரிந்தது. எண்ணுகிற நேரத்துக்கு முன்னாலேயே மணி வந்துவிட்டது. ரசலையா சார் எழுதினார், கழுவலில் பதில் கிடையாது என்பது விதி. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். திருத்தின படத்தைப் போடவும். பெனிலா மறுபடி அதே படத்தைப் போட்டாள். டாக்டர் ஜெயசிங் எழுதினார், கோபப்படாதீங்க தங்கச்சி, பிரசவத்துக்குப் பிறகு லேடீஸுக்கு இப்படிக் கொஞ்சம் எரிச்சல் வரும், நார்மல்தான், கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க. அவள் ஜோயலை இடுப்பில் சரித்துக்கொண்டு, ஒரு கட்டைவிரலால், ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். நீங்க பல்லைப் புடுங்குங்க டாக்டர், பிள்ளைங்க காலைப் புடுங்காதீங்க. அனுப்பினாள். அனுப்பினதும் முதுகில் சில்லென்று ஒரு பிரம்பு விழப்போகிற மாதிரி தோள் தானாகக் குறுகியது. பிரம்பு விழுந்தது. பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு வரி, நீங்கள் குழுவிலிருந்து நீக்கப்பட்டீர்கள். அவ்வளவுதான். கரண்டு போன வீடுபோல இருந்தது போன்.

வெளியே பைக் சத்தம். ஸ்டெர்லின் அலுவலகச் சட்டையின் பொத்தானைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தான், விழுந்து கிடந்த நாற்காலியைப் பார்த்தான், அதைத் தாண்டினான்.

"சாயா இருக்கா? அம்மை இன்னும் ஜெபக்கூட்டத்துல இருந்து வரலையா?"

"வரல."

"என்ன, ஏறிட்டா செவுத்துல?"

"இல்ல. குரூப்பை விட்டே எறக்கிட்டாங்க."

அவன் சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "எதுக்கு? என்ன செய்த?"

"பதில் சொன்னேன்."

"சரி, விடு. அப்போ பேசினது பேசினதுதான் கேட்டியா. பிறகு மூஞ்சியத் தூக்கி வைக்கப்பிடாது."

"வைக்கல. இவனைப் பிடிங்க."

அவன் கையை நீட்டினான், சாயாவுக்கு நீட்டுகிற மாதிரி. அவள் பிள்ளையை அதில் வைத்தாள். கேமராவை ஆணியிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"ஏட்டி, எங்க போற?"

"கொளத்துக்கு."

"இப்பமா? நான் இப்பம்லா சொன்னேன்?"

"கேட்டேன்."

"பாலுக்குக் கீலுக்குக் கரைஞ்சான்னா?"

"பால் எடுத்து வச்சிருக்கேன். சூடாக்கி, கையில ஒரு சொட்டு விட்டுப் பாத்துட்டுக் கொடுங்க. தலையைத் தாங்கிப் பிடிங்க."

"நான் எப்பிடி ஒத்தைக்கு இவனை?"

"நானும் ஒத்தைக்குத்தான்."

அவன் ஏதோ சொன்னான், அம்மை வரட்டும் என்பதுபோல, படியிறங்கும்போது முழுவதும் கேட்கவில்லை. வாசற்கேட்டைத் திறக்கையில் தோள்கள் இன்னும் குறுகித்தான் இருந்தன. பயம் போகவில்லை, அது அவளோடு செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே வந்தது. அவன் கை விட்டால். விடுவான், அவனுக்கு அந்த நினைப்பே வராது, நினைப்பு வராதவன்தான் விடுவான். திரும்பிப் போய்விடலாமா. வெயில் சாய்ந்து ரோட்டில் கிடந்தது. தாமரை இலைகளுக்குமேல் இந்நேரம் வெளிச்சம் பக்கவாட்டில் வரும், அந்தப் பெரியவள் எந்தக் கரையில் மேய்கிறாளோ. ரோட்டிலிருந்து ஒருதடவை திரும்பிப் பார்த்தாள். ஸ்டெர்லின் வராந்தாவுக்கு வந்து, அவளைப் பார்த்தபடி, அசையாமல் நின்றுகொண்டிருந்தான், பிள்ளையை என்ன செய்வதென்று தெரியாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஏதோ ஆபத்தைப் பார்க்கிற முகத்தோடு. அவனுடைய கைக்குக் கீழே இரண்டு சின்னக் கால்கள் தொங்கின. பெனிலா எண்ணினாள். அவன் காலையும் சேர்த்து நாலு. சரியாக இருந்தது. அவள் கேமராவைத் தூக்கவில்லை. குளத்தைப் பார்த்து நடந்தாள்.